அலைவரிசை தேடிய ஊர்

மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்த நாள் 1959 அக்டோபர் 8. இந்திய நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தில்லியில் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பர் 15. இரண்டுக்கும் இடையே இருபத்து மூன்றே நாள்கள். 29 வயதில் கண்மூடிய அக்கவிஞர் தம் பாடல்கள் வானொலியிலும் திரையரங்கிலும் ஒலித்ததைக் கேட்டார்; வீட்டுக் கூடத்தில் வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவை படத்தோடு வந்து போகும் காலத்தைக் காணவில்லை. செங்கப்படுத்தான்காட்டிலும் பட்டுக்கோட்டையிலும் இருந்த அவருடைய ஊரார் அக்காலத்தைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்கள் காத்திருந்த விதமும், படம் வந்தபின் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதை மீண்டும் மீண்டும் தேடிப் பிடித்த விதமும் எழுதி வைக்கத்தக்கன. பெட்டிக்கு உரியவர் கையிலிருந்த திருகு எப்போது, எப்படிப் பிறர் கைக்குப் போயிற்று என்பது அவ்வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பெற்றது. சென்னையிலிருந்து பட்டுக்கோட்டை நேர்க்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். தொலைக்காட்சிக்குரிய அலைகள் வானொலியின் மத்திய அலைபோல நிலத்தைத் தழுவி வருவன அல்ல. கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்பார்வை செல்லும் அளவிற்கும் அதற்குச் சற்று அப்பாலுமே செல்லக்கூடியன. ஆகவே தலைநகரின் படம் கல்லணைக் கால்வாய்க் கரைக்கு எட்டவில்லை. எட்டியது வேறொரு நாட்டின் படம்.

இலங்கை ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியுடன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் தலைமை ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகால மலையுச்சியில் நின்றது. வன்னிப் பகுதியில் கொக்காவிலில் ஓர் அஞ்சல் நிலையமும் அமைந்தது. அதிராம்பட்டினத்திற்கும் மல்லிப்பட்டினத்திற்கும் எதிரே இருப்பது பாக் நீரிணையின் தட்டையான நீர்ப்பரப்பு, மலையுமில்லை, மாடமுமில்லை. காற்றடங்கிய வெப்பமான மாலைகளில் கடற்பரப்பின்மேல் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது, அலைகள் அவ்வடுக்கினுள் குழாயில் ஓடும் நீர்போல வளைந்து நெடுந்தொலைவு செல்லும். இயற்பியலார் இதற்குத் தரும் விளக்கம் அன்று எவர்க்கும் தேவைப்படவில்லை. ‘சிலோன் இன்னைக்குச் சுத்தமா எடுக்குது’ என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அதற்கான ஆயத்தம் எளியதன்று. இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, நான்கு புறமும் கம்பியிழுத்துக் கட்டி, உச்சியில் அலுமினிய ஆன்டெனாவைப் பொருத்தி, அதற்கொரு பூஸ்டரும் மாட்ட வேண்டும். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நிற்க, கூடத்தில் ஒருவர் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்க, மூவரிடையே குரல் போய்வரும். ‘இப்பத் தெரியுதா?’ ‘ஆள் தெரியுது, மூஞ்சி தெரியல.’ ‘தெக்கால திருப்புங்க சித்தப்பா.’ ‘அப்படியே விடுங்க, அசைக்காதீங்க!’ விட்ட மறுகணம் காற்று வந்து அசைத்துவிடும். கூடத்திலோ பெட்டியின் முகப்பிலிருந்த ஒரு சிறு கதவைத் திறந்தால் எட்டோ பன்னிரண்டோ பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் விரல் நுனியால் மட்டுமே உருட்டத்தக்க ஒரு சிறு சக்கரம். பக்கத்தில் அலைப்பட்டையை மாற்றும் ஒரு நழுவு விசை. ஒரு மயிரிழை கூடுதலாக உருட்டினால் படம் வந்து ஒலி போகும்; குறைத்து உருட்டினால் ஒலி வந்து படம் போகும். டயனோரா, சாலிடேர், பி.பி.எல்., ஒனிடா என்று பெட்டியின் பெயர் எதுவாயினும் இந்தச் சக்கரத்தின் குணம் ஒன்றே. அதை உருட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தெருவில் தனி மதிப்பு இருந்தது.

இந்த உழைப்பில் ஓர் உரிமை இருந்தது. வானலை எவர்க்கும் பொது. தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டிவந்த உரிமக் கட்டணமும் 1985இல் நீக்கப்பட்டுவிட்டது. படம் தெரியாவிட்டால் காற்றைக் குறை கூறலாம், குழாயைத் திருப்பலாம், நாளை மாலை வரை காத்திருக்கலாம். அந்நியர் எவரிடமும் சென்று நிற்க வேண்டியதில்லை. படமும் முழுதாகப் போய்விடுவதில்லை. மழைச்சாரல் போன்ற புள்ளிகளுக்குள்ளே உருவங்கள் அசைவது தெரியும், குரல் கேட்கும், மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும்.

ரூபவாஹினியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் குறைவே. ஆயினும் கிரிக்கெட்டைக் காண மொழி வேண்டியதில்லை; சிங்களச் செய்திக்குப் பின் வரும் தமிழ்ச் செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்கோ அன்றைய இலங்கை நிலவரம் அயல்நாட்டுச் செய்தியன்று. நீரிணைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை, அந்நாட்டு அரசு சொல்ல விரும்பிய வடிவிலேனும், இக்கரையினர் அந்நாட்டுத் திரையிலேயே கண்டனர். 1990 ஜூலையில் கொக்காவில் முகாம் போரில் வீழ்ந்தது. அங்கிருந்த அஞ்சல் நிலையமும் அழிந்தது. ஒரு போர் ஓர் ஊரின் கூடத்திற்குள் செய்தியாக வருவது உண்டு. கொக்காவிலின் வீழ்ச்சி தென்கிழக்கு நோக்கி நின்ற ஆன்டெனாக்களுக்கு எட்டும் அலைகளையே குறைத்துவிட்டது. அங்கே புதிய கோபுரம் எழுந்தது 2011இல்தான்.

அதற்குள் தூர்தர்ஷன் இப்பக்கம் வந்துவிட்டது. 1984இல் நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி என்னும் வேகத்தில் நாடெங்கும் சிறு நிலையங்கள் நிறுவப்பட்டன. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையுச்சியின் பெருஞ்சக்தி நிலையம் தென்மாவட்டங்களுக்குச் சென்னையின் படத்தைக் கொண்டுவந்தது. பட்டுக்கோட்டைக்குக் கொடைக்கானல் ஏறத்தாழ நேர்மேற்கு, 200 கிலோமீட்டர். எனவே தென்கிழக்கு நோக்கி நின்ற ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின. வசதியுள்ளோர் இரண்டு வைத்துக்கொண்டனர். ‘ஒளியும் ஒலியும்’ காண வெள்ளிக்கிழமை மாலையிலும், 1987 ஜனவரி முதல் ‘ராமாயண’த்திற்காக ஞாயிறு காலையிலும் கூடம் நிரம்பியது. ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சிக்கு அத்தனை கூட்டமில்லை. நெல் விளைவிப்பவருக்கு நெல்லைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பதில் எக்காலத்திலும் ஆர்வம் குறைவு. பொங்கல் நாள் கவியரங்கமோ இத்தகைய இலக்கிய வட்டத்தினர்க்கு ஒரு தனித் திருவிழாவாகவே இருந்தது. அவைத்தலைமைக் கவிஞரின் முகம் புள்ளிகளுக்குள் மறைந்து மறைந்து தெரிந்தாலும், எதுகை விழுந்த இடத்தில் எழுந்த கைதட்டல் தவறாமல் கேட்டது.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் அது தெருத்தெருவாகப் பரவிற்று. குழாயும் கம்பியும் ஓய்வு பெற்றன. ஆனால் தேடும் வேலை ஓயவில்லை. கேபிள்காரர் தம் கொட்டகையில் எந்த அலைவரிசையில் எந்தச் சேனலை ஏற்றுகிறாரோ அங்கேதான் வீட்டுப் பெட்டி அதைக் காண முடியும். அவர் ஒன்றை மாற்றினால் தெரு முழுவதும் பெட்டிகளை மீண்டும் ‘ட்யூன்’ செய்ய வேண்டும். பட்டையிலும் மேல், கீழ் உண்டு. பழைய பெட்டிகளும் பிடிக்கக்கூடிய முதற்பட்டையில் ஒரு சேனல் இருந்தால் அது எல்லா வீட்டிலும் தெரியும். மேலே எஸ் பட்டைக்கோ அதனினும் மேலான ஹைப்பர் பட்டைக்கோ ஏற்றிவிட்டால், அப்பட்டையில்லாத பழைய பெட்டிகளைப் பொறுத்தவரை அச்சேனல் இறந்ததற்குச் சமம். சேனல்களுக்கிடையே நடந்த போட்டியில் ஒருவரை ஒழிக்க அவரை மேலே ஏற்றினாலே போதும் என்பதை அறியாத கேபிள்காரர் இல்லை. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் எடுத்துச்செல்லச் சொன்னதோடு, பின்னர்த் திருத்தப்பட்டபோது அவற்றுள் சிலவற்றை முதற்பட்டையிலேயே வைக்க வேண்டும் என்றும் பணித்தது. கவியரங்கம் ஏழை வீட்டுப் பெட்டியிலும் தெரிந்ததற்கு அச்சட்டம் ஒரு காரணம்.

2006 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிற்று. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. குடிசைக்குள்ளும் வண்ணம் வந்தது. அப்பெட்டியை இயக்கக் கற்க அதிக நாள் ஆகவில்லை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை தேடி, கிடைத்தவற்றை வரிசையாக வைத்துக்கொள்ளும். ‘ஆட்டோ ட்யூன்’ என்னும் அச்சொல் தமிழ்ச் சொல்லே போலப் புழங்கலாயிற்று. எந்தக் கோளாறுக்கும் அதுவே கைமருந்து. அந்த மருந்தையே பின்வந்த மாற்றம் நஞ்சாக்கிவிட்டது.

கேபிளை டிஜிட்டல் முறைக்கு மாற்றும் சட்டத்திருத்தம் 2011இல் நிறைவேறியது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, கோவை உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31, ஏனைய நகர்ப்புறங்களுக்கு 2015 டிசம்பர் 31, எஞ்சிய ஊர்களுக்கு 2016 டிசம்பர் 31 எனக் கெடு வகுக்கப்பட்டது. பின்னவை இரண்டும் முறையே 2017 ஜனவரி 31க்கும் மார்ச் 31க்கும் தள்ளிப்போயின. நகராட்சியாகிய பட்டுக்கோட்டைக்கு ஒரு நாள். எல்லையைத் தாண்டிய அடுத்த ஊராட்சிக்கு இன்னொரு நாள். எனினும் தமிழ்நாட்டில் இந்நாள்கள் தாளில் மட்டுமே கடந்துசென்றன. காரணம் வேறிடத்தில் இருந்தது.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் உருவாயிற்று. தஞ்சாவூர், கோவை, வேலூர், திருநெல்வேலி ஆகிய நான்கு இடங்களில் அதன் கட்டுப்பாட்டு அறைகள் அமைந்தன. சில ஆண்டுகள் தூங்கிக் கிடந்த அந்நிறுவனம் 2011 செப்டம்பர் 2 முதல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் இணைப்பு என்னும் அறிவிப்போடு மீண்டும் எழுந்தது. டிஜிட்டல் முறையில் ஒளிபரப்ப அது மைய அரசிடம் 2012இலேயே உரிமம் கேட்டது. அரசு நிறுவனங்கள் இத்தொழிலில் இறங்கலாகாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்து. கடிதங்கள் போயின, முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். உரிமம் கிடைத்தது 2017 ஏப்ரலில். அவர் மறைந்து நான்கு மாதங்களுக்குப் பின். ஆகவே கெடு நாள்கள் யாவும் கடந்தபின்னரும் அரசு கேபிள் வந்த தெருக்களில் பழைய அனலாக் படமே ஓடிக்கொண்டிருந்தது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே நடந்த வழக்கில் பட்டுக்கோட்டை அடைந்த பயன் ஐந்து ஆண்டு நிம்மதி என்றால் மிகையாகாது.

2017 செப்டம்பர் 1 அன்று முதலமைச்சர் பழனிசாமி விலையில்லாச் செட்டாப் பாக்ஸ் வழங்குவதைத் தொடங்கிவைத்தார். படிப்படியாக டெல்டாத் தெருக்களுக்கும் அவை வந்தன. கேபிள்காரர் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, கம்பியை அதில் செருகி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற முனைகளை இலவசத் தொலைக்காட்சியின் பக்கவாட்டுத் துளைகளில் மாட்டி, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். அவ்வெண் மேலிடம் சென்று உயிர்பெற்று வந்த பின்னரே படம் தெரியும். படம் தெளிவாகத்தான் இருந்தது, அதில் ஐயமில்லை. புள்ளியுமில்லை, நிழலுருவுமில்லை. இடையூறு வேறிடத்தில் தொடங்கிற்று.

இப்போது கூடத்தில் இரண்டு ரிமோட்டுகள். சேனல் மாற்ற ஒன்று. பெட்டியை அணைக்க மற்றொன்று. தொலைக்காட்சி எப்போதும் ‘ஏவி’ என்னும் நிலையிலேயே இருக்க வேண்டும். பழகிய கை பழைய ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்திவிட்டால் திரை நீலமாகவோ புள்ளிக்காடாகவோ மாறிவிடும். உடனே இருபதாண்டுக் கைமருந்து நினைவுக்கு வரும்: ஆட்டோ ட்யூன். பெட்டி பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஓடும். எதுவும் கிடைக்காது, கிடைப்பதற்கு அங்கே எதுவுமில்லை. முன்பு நினைவில் வைத்திருந்த வரிசையையும் துடைத்துவிட்டு நிற்கும். மறுபடி ஓடவிடுவார்கள். மறுபடி ஒன்றுமிராது. பகலில் தனியே இருக்கும் முதியோர், பள்ளி விட்டுப் பேரப்பிள்ளை வந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தும்வரை வெற்றுத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். ஏவி துளையே இல்லாத மிகப் பழைய பெட்டிகளின் பாடு இன்னும் கடினம். அவற்றுக்கு வேறு ஒரு மாற்றுக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டும். பலர் அதைவிடப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவதே மேலென்று முடிவுகட்டினர்.

சேனல்களின் எண்களும் மாறின. அனலாக் காலத்தில் வரிசை வீட்டாருடையது. ஒரு வீட்டில் ஒன்றாம் எண்ணில் செய்தி. இன்னொரு வீட்டில் பழைய பாட்டு. டிஜிட்டல் முறையில் வரிசை நிறுவனத்தினுடையது. மொழிவாரியாக, வகைவாரியாக, மூன்று இலக்கங்களில். அதை அவர்கள் மாற்றியமைத்தால் காலையில் எழுந்து பார்ப்பவர்க்கு மனப்பாடமான எண்ணில் வேறெதுவோ ஓடும். முதற்பட்டை என்று சட்டம் சொன்ன சொல்லுக்கும் பொருளில்லாமற் போயிற்று. எல்லா எண்ணும் எல்லாப் பெட்டியிலும் தெரியும் என்பது ஒரு சமத்துவம்தான். ஆனால் எண் தெரியாதவர்க்கு முந்நூறு சேனலும் ஒன்றே. எழுத்தறியாத ஒரு மூதாட்டி முன்பு ‘மேலே போற பொத்தானை நாலு தடவை’ என்று எண்ணித் தமக்கு வேண்டியதை அடைந்தார். முந்நூறில் அப்படி எண்ண முடியாது.

வேறு நாடுகளும் இம்மாற்றத்தைக் கடந்து வந்தவையே. பெர்லின் நகரம் 2003இல் முதலில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. அமெரிக்கா 2009 ஜூன் 12 அன்று நிறுத்துமுன் வீட்டுக்கு இரண்டாக 40 டாலர் சீட்டுகளை வழங்கியது. பிரிட்டன் 2007இல் ஒயிட்ஹேவனில் தொடங்கி 2012 அக்டோபர் 24 வரை வட்டாரம் வட்டாரமாக மாற்றியது. 75 வயது கடந்தோர்க்கும் பார்வையிழந்தோர்க்கும் வீட்டிற்கே வந்து கருவியைப் பொருத்தி, இயக்கும் முறையையும் காட்டித்தர ஒரு திட்டம் வைத்திருந்தது. பட்டுக்கோட்டையில் கருவி விலையின்றிக் கிடைத்தது. இது சிறு காரியமன்று. காட்டித்தர ஆளில்லை, இதுவும் சிறு குறையன்று. கேபிள்காரரும் பேரப்பிள்ளைகளும் அத்திட்டத்தின் சம்பளமில்லாப் பணியாளர்களாயினர்.

ஜப்பான் நாட்டுச் செய்தி இங்கே குறிக்கத்தக்கது. அந்நாடு அனலாக்கை நிறுத்திய நாள் 2011 ஜூலை 24. ஆனால் அவ்வாண்டு மார்ச்சில் நிலநடுக்கமும் கடற்கோளும் தாக்கிய இவாத்தே, மியாகி, ஃபுக்குஷிமா ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் அந்நாள் 2012 மார்ச் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது. வீடிழந்து நிற்பவரிடம் பெட்டியை மாற்றிக்கொள் என்று சொல்லக்கூடாது என்னும் எளிய அறிவு அதில் இருந்தது.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மாநிலத்தில் இலட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கம்பத்தோடு கேபிளும் மண்ணில் கிடந்தது. உட்கிராமங்களில் மின்சாரம் வரப் பல வாரங்களாயின. நிவாரணம் எங்கே கொடுக்கிறார்கள், கணக்கெடுப்பு எப்போது என்பனவற்றை அறிய வேண்டிய வேளையில் திரை இருண்டு கிடந்தது. பரணிலிருந்து இறங்கிய பழைய பேட்டரி வானொலி இருந்த வீட்டில் மட்டும் திருச்சிராப்பள்ளி நிலையம் கேட்டது. 1939 முதல் ஒலித்துவரும் அந்நிலையத்தைப் பிடிக்க எவருடைய அனுமதி எண்ணும் தேவையில்லை.

சாய்ந்த தென்னைகளை அறுத்து அகற்றி முடியுமுன்பே அடுத்த மாற்றம் வந்தது. 2018 டிசம்பர் 29 முதல் புதிய கட்டண முறை என்றது ஒழுங்குமுறை ஆணையம். பார்க்க விரும்பும் சேனல்களை வீட்டாரே தேர்ந்து எழுதித் தர வேண்டும். 100 சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியுமாக 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. கெடு 2019 ஜனவரி 31க்கும், தேர்வு செய்யாதவர்க்கு மீண்டும் மார்ச் 31க்கும் நீண்டது. அந்த நீட்டிப்பு நாடு முழுமைக்கும் பொதுவானது. மும்பையின் அடுக்குமாடிக்கும் கூரையிழந்த பேராவூரணி வீட்டிற்கும் ஒரே நாள். 70 ரூபாயில் தொடங்கிய அரசு கேபிளின் கட்டணம் 220 ரூபாயும் வரியுமாக உயர்ந்து, 2019 ஆகஸ்டில் 130 ரூபாயும் வரியுமாக இறங்கிற்று. தென்னை மீண்டும் காய்க்கக் குறைந்தது ஐந்தாண்டுகள் வேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள், எந்தச் சேனல் வேண்டாம் என்பதையும் அதே கணக்கில் எழுதின. செய்தியும் சிறுவர் சேனலும் ஒன்றோடொன்று மோதிய வீடுகளில் எது நின்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குழாயும் ஆன்டெனாவும் வைத்திருந்தோரின் உரிமை சட்டப்படி இன்னும் எஞ்சியிருந்தது. தூர்தர்ஷன் வானலையில் வந்துகொண்டிருந்தது. 2016இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் டிஜிட்டல் வானலை ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தொடங்கியபோது, சிற்றூர்களுக்கும் அது வரும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. வரவில்லை. மாறாக, நாடெங்குமிருந்த அனலாக் ஒளிபரப்பிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2021 அக்டோபர் இறுதியோடு எல்லைப்புறம் போன்ற சில இடங்களில் ஏறத்தாழ ஐம்பது தவிர மற்றவை அணைக்கப்பட்டன. பார்ப்பவர் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷன் டிஷ் சேவை 2004 டிசம்பர் முதல் இருக்கிறது. அதற்குத் தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் கேபிள் ஓடும் தெருவில் அதை நாடியவர் சிலரே.

2022 நவம்பரில் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் மாநிலத்தின் பல மாவட்டங்களில் ஒரே நாளில் நின்றுபோயின. மின்சாரம் இருந்தது, கம்பி அறுபடவில்லை, பெட்டி பழுதில்லை. பெட்டிகளை உயிர்ப்பிக்கும் மென்பொருளைத் தந்த ஒப்பந்த நிறுவனத்திற்கும் அரசு கேபிளுக்கும் எழுந்த பிணக்கே காரணம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்று படம் திரும்பியது. அந்நாள்களிலும் எத்தனையோ கூடங்களில் பழைய ரிமோட் கையிலெடுக்கப்பட்டது. பெட்டிகள் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை தேடி வந்து நின்றன.

சென்னைத் தொலைக்காட்சியாகத் தொடங்கிப் பின்னர்ப் பொதிகை எனப் பெயர் பெற்ற சேனல் 2024 ஜனவரி 19 அன்று ‘டிடி தமிழ்’ என்னும் பெயருடன் புதுக்கோலம் பூண்டது. பொங்கல் முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அதைக் காண விரும்பிய பட்டுக்கோட்டை வாசகர் எவராயினும், முதலில் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று தம் கேபிள்காரரைக் கேட்டுக்கொண்டுதான் பார்த்திருக்க வேண்டும்.